கூடுதலாக வந்த உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கும் கடிதம்

கேள்வி: என் கணவர் காலமான பிறகு இரண்டு பிள்ளைகளுடன் சிங்கப்பூரின் ஈசூனில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் ஓர் அரசாங்க உதவித் திட்டத்தின்கீழ் எனக்கு மாதம் 430 வெள்ளி வந்துகொண்டிருந்தது. மார்ச் 18ஆம் தேதி காப்பிக்கடை ஒன்றில் பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 900 வெள்ளி. ஏப்ரல் மாதம் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னேன். பேசிய அதிகாரியின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஜூலை மாதம்வரை பணம் வழக்கம்போல வந்தது. இப்போது மார்ச் முதல் ஜூலைவரை ஐந்து மாதத்துக்கும் பெற்ற 2,150 வெள்ளியை 21 நாள்களுக்குள் திருப்பிச் செலுத்தும்படி கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வந்த மறுநாள், பேநவ் மின்னிலக்கப் பணமாற்றுச் சேவை வழியாக இன்றே செலுத்தாவிட்டால் காவல்துறை நடவடிக்கை எடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவலும் வந்தது. “அது அவர்களுடைய தவறு, ஒரு காசுகூடக் கட்டாதீர்கள் அண்ணி” என்கிறார் என் கொழுந்தனார். என்னோடு வேலை செய்யும் அக்காவோ, கடன் வாங்கியாவது உடனே கட்டிவிடு, இல்லாவிட்டால் சிறைக்குப் போக நேரும் என்கிறார். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் விசாரித்தும் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் என் வேலைநேரம் கூடப்போகிறது. அதையும் இப்போது சொன்னால் சிக்கல் பெரிதாகிவிடுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் அலுவலகத்தின் பெயரையும் நீக்கி, உங்கள் கேள்வியைச் சுருக்கியே வெளியிட்டிருக்கிறோம். உங்கள் கொழுந்தனார் சொல்வதும் சரியில்லை, உங்களோடு வேலை செய்யும் அக்கா சொல்வதும் சரியில்லை. பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தர வேண்டும் என்பது வேறொரு கேள்வி. எவ்வளவு காலத்தில் தர வேண்டும் என்பது மூன்றாவது கேள்வி. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் ஒன்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், அல்லது கணக்கைப் பார்க்காமலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டு அடுத்த மாத வாடகைக்குத் திண்டாடுகிறார்கள். உங்கள் வழக்கில் நான் பார்த்தவரை, முதல் கேள்விக்கு ‘ஓரளவு ஆம்’ என்பதே விடையாக இருக்கும். ஆனால் 2,150 வெள்ளி என்ற தொகை சரியானதா என்பதில் எனக்கு உண்மையான ஐயம் உண்டு.

வாட்ஸ்அப் தகவலை முதலில் தீர்த்துவிடுவோம். அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் அனுப்ப வேண்டாம், அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம், அதில் தரப்பட்ட எண்ணுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பணத்தை மாற்றச் சொல்வதில்லை, வங்கிக் கணக்கின் மறைச்சொல்லையோ அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் விவரங்களையோ கேட்பதில்லை. 2024 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து ஏறத்தாழ எல்லா அரசாங்க அமைப்புகளும் தங்கள் குறுஞ்செய்திகளை ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் அனுப்புகின்றன. ஐயமிருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். உங்களுக்கு அஞ்சலில் வந்த கடிதம் உண்மையானதாகத் தெரிகிறது. இருந்தாலும் அதில் அச்சிடப்பட்டுள்ள தொலைபேசி எண்ணை நம்பி அழைக்காமல், அந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் உள்ள எண்ணை அழைத்து, அந்தக் கடிதத்தின் மேற்கோள் எண்ணைச் சொல்லி, இது அவர்கள் அனுப்பியதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. கடிதமும் குறுந்தகவலும் அடுத்தடுத்த நாள்களில் வந்தது தற்செயலாகவே இருக்கலாம்; இத்தகைய மிரட்டல்களை மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள், ஏற்கெனவே கவலையில் இருப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து, கடன் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடுவரை வட்டி வசூலிக்கலாம்; கடன் வழங்கும்போது தொகையில் 10 விழுக்காடுவரை நிர்வாகக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளலாம்; தவணை தவறினால் மாதம் 60 வெள்ளிவரை தாமதக் கட்டணமும் உண்டு. 2,150 வெள்ளி வாங்கினால் 215 வெள்ளி கையில் வருவதற்கு முன்பே போய்விடலாம், முதல் மாத வட்டி மட்டும் 86 வெள்ளி ஆகலாம். தவணை தரக்கூடிய ஓர் அலுவலகத்தின் கடனை அடைக்க, தவணை தவறினால் அபராதம் போடும் ஒரு நிறுவனத்திடம் கடன்படுவது கணக்குக்கு ஒத்துவராது. நகையை அடகு வைப்பது இதைவிட மலிவானதுதான். அடகுக்கடை வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அதற்கும் இப்போது தேவை எழவில்லை. உரிமம் இல்லாத கடன் முதலைகளின் பக்கம் போகவே கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறை என்ற அச்சத்தைப் பற்றி. கடன்பட்டிருப்பது குற்றமாகாது. கூடுதலாகப் பெற்ற உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பது உரிமையியல் விவகாரம். பொய்யான தகவல் கொடுத்தோ, உண்மையை நேர்மையின்றி மறைத்தோ, ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தோ பணம் பெற்றால் மட்டும் அது ஏமாற்றுக் குற்றமாகி, தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்கீழ் பத்தாண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய விவகாரமாகிறது. கொவிட்-19 காலத்தில் வேலையிழந்தோருக்கு வழங்கப்பட்ட ஆதரவு மானியத்தைப் பெறுவதற்காகப் போலி வேலைநீக்கக் கடிதங்களைத் தயாரித்த சிலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். நீங்கள் எதையும் மறைக்கவில்லை. வேலையில் சேர்ந்த மறுமாதமே நீங்களாகவே அழைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். திவாலாக்கிவிடுவார்களோ என்று யாராவது பயமுறுத்தினால், கடன் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்தால்தான் ஒருவருக்கு எதிராகத் திவால் மனுத் தாக்கல் செய்ய முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் கொழுந்தனாரின் வாதத்துக்கு வருகிறேன். பணம் கொடுத்தவரின் கவனக்குறைவால் கூடுதல் தொகை போய்விட்டது என்பதாலேயே அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போய்விடாது. தவறுதலாகக் கொடுத்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து நமக்கு வந்த பழைய கோட்பாடு. அதோடு, இத்தகைய உதவிகளுக்கான விண்ணப்பப் படிவங்களில், சூழ்நிலை மாறினால் தெரிவிப்பேன், கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி வாங்கிக்கொள்வதும் உண்டு. நீங்கள் கையொப்பமிட்ட படிவத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். எனினும் சட்டம் பணம் பெற்றவரின் பக்கத்தையும் பார்க்கிறது. நல்லெண்ணத்தோடு அந்தப் பணம் தன்னுடையது என்று நம்பி, அதன் காரணமாகவே தன் நிலையை மாற்றிக்கொண்ட ஒருவரை முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வைப்பது நியாயமாகாது என்ற எதிர்வாதத்தைச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இதில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம். அரிசி, மின்கட்டணம், பிள்ளையின் பேருந்துச் செலவு போன்று எப்படியும் செய்திருக்கக்கூடிய செலவுகள் இந்த எதிர்வாதத்துக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. அந்தக் கூடுதல் பணம் வந்திராவிட்டால் செய்தே இருக்கமாட்டோம் என்று காட்டக்கூடிய செலவுகளே பயன்படும். அதற்கு மேல், வேலைக்குப் போன பிறகும் அதே தொகை வருவதை நீங்கள் கவனித்தீர்களா என்ற கேள்வியும் வரும். அதற்கு, “தெரிவித்துவிட்டேன், அவர்கள் பரிசீலித்துத்தான் தருகிறார்கள் என்று நினைத்தேன்” என்ற உங்கள் விடை நேர்மையானது. அதை அப்படியே சொல்லுங்கள்.

சட்டப்படி கேட்க முடிகிற எல்லாவற்றையும் அரசாங்கம் எப்போதும் கேட்டே தீர்வதில்லை என்பதும் இங்கே முக்கியம். 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏற்பட்ட கணினிக் கோளாற்றால் சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டம் உள்ளிட்டவற்றின் சுகாதார மானியங்கள் ஏறத்தாழ 7,700 பேருக்குத் தவறாகக் கணக்கிடப்பட்டன. அவர்களில் சுமார் 1,300 பேருக்குக் குறைவாகவும் 6,400 பேருக்குக் கூடுதலாகவும் மானியம் போய்விட்டது. இதை 2019 பிப்ரவரியில் அறிவித்த சுகாதார அமைச்சு, குறைவாகப் பெற்றவர்களுக்கு மீதியைக் கொடுப்பதாகவும், கூடுதலாகப் பெற்றவர்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. மாறாக, 2020ஆம் ஆண்டில், நிறுவனங்களுக்குச் சம்பள மானியம் தந்த வேலை ஆதரவுத் திட்டத்தின்கீழ், நிறுவனங்கள் மீண்டும் செயல்படத் தொடங்கிய தேதிகளில் நேர்ந்த பிழையால் சுமார் 5,400 நிறுவனங்களுக்குக் கூடுதலாகச் சென்ற ஏறக்குறைய 370 மில்லியன் வெள்ளியை, பின்னர் வரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். இரண்டிலும் பணம் பெற்றவர்கள் மீது தவறு இல்லை. இருந்தும் முடிவு வேறுபட்டது. ஆக, வசூலிப்பதா, விட்டுக்கொடுப்பதா என்பது சட்டத்தை மட்டும் பொறுத்ததன்று, கொள்கையையும் பெற்றவரின் நிலைமையையும் பொறுத்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு 900 வெள்ளியில் குடும்பம் நடத்தும் ஒருவர், முழுமையாகவோ பகுதியாகவோ தள்ளுபடி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் கேட்காதவருக்கு யாரும் வலிய வந்து தரப்போவதில்லை.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன்: கணக்கு. அலுவலகம் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன். அதில் 430ஐ ஐந்தால் பெருக்கிய ஒற்றைத் தொகை இருக்கிறதே தவிர, எந்த விதியின்படி, எந்த மாதத்தின் எந்த வருமானத்தை வைத்து, எந்தத் தேதியில் தகுதி இல்லாமல் போனது என்ற விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஏழைகளுக்கு அனுப்பப்படும் கடிதங்களில் இந்தக் குறை அடிக்கடி காணப்படுவது வருத்தத்துக்குரியது. இதே தொகைக்கு ஒரு வணிக நிறுவனம் விலைப்பட்டியல் அனுப்பினால், விவரம் இல்லாமல் நாம் கட்டுவோமா?

முதல் கேள்வி மார்ச் மாதத்தைப் பற்றியது. நீங்கள் 18ஆம் தேதிதான் வேலையில் சேர்ந்தீர்கள். அம்மாதத்தில் வேலை செய்த நாள்களுக்கான சம்பளம் ஏப்ரல் 7ஆம் தேதி கைக்கு வந்ததாக உங்கள் சம்பளச் சீட்டு காட்டுகிறது. அப்படியென்றால் மார்ச் மாதத்தில் உங்கள் கையில் சம்பளமாக ஒரு வெள்ளியும் இல்லை. ஆனால் முதலாளியும் ஊழியரும் மாதந்தோறும் பங்களிக்கும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியின் பதிவில் மார்ச் மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பு மார்ச் மாதத்தின் பெயரிலேயே இருக்கும். சேமநிதிப் பதிவை மட்டும் பார்த்த ஓர் அதிகாரி மார்ச் மாதத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். சம்பாதித்த மாதமா, கையில் பெற்ற மாதமா, எது கணக்கில் எடுக்கப்படும் என்று அந்தத் திட்டத்தின் விதியைக் கேளுங்கள். பெற்ற மாதம்தான் கணக்கு என்றால் மார்ச் நீங்கிவிடும், தொகை 1,720 வெள்ளியாகக் குறையும்.

இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது. வேலை கிடைத்ததும் உதவி முழுவதுமாக நின்றிருக்க வேண்டுமா, அல்லது குறைந்திருக்க வேண்டுமா? உங்கள் 900 வெள்ளியை மூவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 300 வெள்ளிதான் வருகிறது. வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் திட்டங்களில், இந்த நிலையில் உள்ள குடும்பத்துக்கு உதவியைக் குறைத்துத் தொடர்ந்து தரவும் இடமிருக்கலாம். அப்படி இருந்தால், உண்மையில் நீங்கள் கூடுதலாகப் பெற்றது ஒவ்வொரு மாதமும் வந்த 430 வெள்ளி முழுவதும் அன்று. வந்த தொகைக்கும் வந்திருக்க வேண்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. ஒரு பேச்சுக்கு, வேலைக்குப் பிறகு உங்களுக்கு மாதம் 250 வெள்ளி உரியதாக இருந்திருந்தால், கூடுதல் மாதம் 180 வெள்ளி; மார்ச்சையும் நீக்கிவிட்டால் நான்கு மாதத்துக்கு 720 வெள்ளி. 2,150 எங்கே, 720 எங்கே! இது வெறும் எடுத்துக்காட்டுத்தான், உங்கள் தொகை இதுவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘வேலைக்குப் போன நாளிலிருந்து உரிமையுள்ள தொகை எவ்வளவு என்று மீண்டும் மதிப்பிட்டீர்களா?’ என்ற கேள்வியைக் கேட்காமல் ஒரு வெள்ளியும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு திட்டமும் வெவ்வேறு காலத்து வருமானத்தைப் பார்க்கிறது. வரிச்சுமையைக் குறைக்க அரசாங்கம் தரும் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டு பழைய ஆண்டின் வரிக்குரிய வருமானத்தையும் வீட்டின் ஆண்டு மதிப்பையும் (ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டால் கிடைக்கக்கூடிய தொகையின் மதிப்பீடு) வைத்துத் தீர்மானிக்கப்படுவது; இந்த ஆண்டு சம்பளம் உயர்ந்ததால் இந்த ஆண்டு வந்த பற்றுச்சீட்டுத் தவறாகிவிடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட சொத்துக்கு உரிமையாளராக இருப்பவர் அதைப் பெற முடியாது. பெற்றோர் காலமான பிறகு அவர்களது வீட்டில் பங்கு வந்து சேர்ந்ததையோ, தம்பி வீடு வாங்கும்போது கூட்டு உரிமையாளராகப் பெயர் கொடுத்ததையோ மறந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. கடிதம் எந்தத் திட்டத்தைப் பற்றியது என்பதைப் பார்த்துவிட்டு, அந்தத் திட்டத்துக்கு உரிய அளவுகோலை மட்டும் கொண்டு அளந்து பாருங்கள்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை, உங்கள் தொலைபேசி அழைப்பே மையமானது. அதிகாரியின் பெயர் இல்லாதது குறைதான், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஏப்ரல் மாதத்துக்கான அழைப்பு விவரங்களை உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள்; எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்பது அதில் இருக்கும். அந்தத் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்த அழைப்பைப் பற்றிய தங்கள் பதிவைப் பார்க்கும்படி அலுவலகத்தைக் கேளுங்கள். அழைப்பின்போது வீட்டில் உங்கள் மூத்த பிள்ளை உடனிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதையும் குறிப்பிடலாம். இவற்றோடு வேலை நியமனக் கடிதம், மாதந்தோறும் முதலாளி கட்டாயமாகத் தரவேண்டிய சம்பளச் சீட்டுகள், சிங்பாஸ் வழியாக எடுத்த சேமநிதிப் பங்களிப்பு விவரம், மார்ச் முதல் ஆகஸ்ட்வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். தங்களிடமுள்ள பதிவுகளைக் காட்டியே தீர வேண்டும் என்று அரசாங்க அலுவலகத்தை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, தகவல் பெறும் உரிமைச் சட்டம் என்று ஒன்றும் இங்கே இல்லை. அதனால்தான் பணிவாகவும் குறிப்பாகவும் எழுத்தில் கேட்பது அவசியமாகிறது.

21 நாள் கெடு முடிவதற்குள் பதில் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத உதவ யாராவது இருந்தால் வேலை விரைவாக நடக்கும். இல்லாவிட்டால் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி. இப்படி எழுதினால் போதும்: “உங்கள் கடிதம் கிடைத்தது. நான் மார்ச் 18ஆம் தேதி வேலையில் சேர்ந்ததை ஏப்ரல் மாதம் இந்தத் தேதியில், இந்த நேரத்தில் தொலைபேசி வழி உங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். அழைப்பு விவரத்தை இணைத்துள்ளேன். கூடுதலாகப் பெற்றதாகக் கூறப்படும் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை மாதவாரியாகவும், எந்த விதியின்கீழ் என்பதையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலைக்குப் போன பிறகு எனக்கு உரிய உதவித்தொகை எவ்வளவு என்பதை மறுமதிப்பீடு செய்து, வித்தியாசத்தை மட்டும் கணக்கிட வேண்டுகிறேன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருதி, தொகையைத் தள்ளுபடி செய்வதையோ குறைப்பதையோ பரிசீலிக்கும்படி வேண்டுகிறேன். மறுஆய்வு முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் ‘நான் கடன்பட்டிருக்கிறேன்’ என்று எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள், ‘தர முடியாது’ என்று மறுக்கவும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய நேரம் பதிவாகும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால் அன்றே பேசியவற்றின் சுருக்கத்தை மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

மறுஆய்வுக்குப் பிறகும் ஒரு தொகை மிஞ்சினால் தவணை கேளுங்கள். இங்கே பலர் செய்யும் பிழை, அதிகாரியின் முன் உட்கார்ந்ததும் மரியாதைக்காக மாதம் 200 வெள்ளி, 300 வெள்ளி என்று வாக்குக் கொடுத்துவிடுவது. இரண்டாம் மாதமே தவறுகிறது, பிறகு பேசுவதற்கே கூச்சமாகிவிடுகிறது. வாடகை, தண்ணீர் மின்சாரக் கட்டணம், மளிகை, பள்ளிச் செலவு, போக்குவரத்து, மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். 40 வெள்ளிதான் மிஞ்சுகிறது என்றால் 40 வெள்ளியே சொல்லுங்கள். அந்தத் தாளையும் காட்டுங்கள். 720 வெள்ளியை 40 வெள்ளியாகக் கட்டினால் ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும், 1,720 வெள்ளி என்றால் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இவ்வளவு நீண்ட காலத்தை அலுவலகம் விரும்பாமல் போகலாம். அதையே பகுதித் தள்ளுபடிக்கான காரணமாகவும் முன்வைக்கலாம். வட்டி உண்டா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இனி வரவேண்டிய உதவியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னால், ஒரே மாதத்தில் முழுவதையும் கழிக்காமல், குடும்பம் நடத்தப் போதுமான தொகையை விட்டுவைத்துக் கழிக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. முடிவு எதுவாக இருந்தாலும், ‘இத்தொகை கட்டி முடிந்தால் விவகாரம் முடிந்தது’ என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

அலுவலகம் அசையாவிட்டால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போங்கள். கோப்பையும் நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் எடுத்துச் சென்றால், தொண்டூழியர் உங்கள் சார்பில் எழுதும் கடிதம் கூர்மையாக அமையும். வெறுங்கையோடு போனால் ‘கருணை காட்டவும்’ என்ற பொதுவான கடிதம்தான் கிடைக்கும். உறுப்பினர் அலுவலகத்துக்குக் கட்டளையிட முடியாது, ஆனால் அவர் கடிதத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் கோப்பைத் திறந்தாக வேண்டும். சமூக மன்றங்களிலும் வேறு இடங்களிலும் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைச் சேவைகளுக்கு முன்பதிவு செய்யலாம். அங்கே கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களும் கடிதம் எழுதவும் வரவுசெலவுக் கணக்கைத் தயாரிக்கவும் உதவக்கூடியவை. உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரும் வழி சட்டத்தில் உண்டு, ஆனால் இந்தத் தொகைக்கு அதன் செலவு கட்டுபடியாகாது. ஒருவேளை அலுவலகமே உங்கள் மீது வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆவணம் வந்தால், அன்றே வழக்கறிஞரையோ, சட்ட அமைச்சின்கீழ் இயங்கும் சட்ட உதவி அலுவலகத்தையோ அணுகுங்கள்; அதற்கான கெடு மிகக் குறுகியது.

பிள்ளைகளின் பள்ளி நிதி உதவியும் உங்கள் வாடகை வீடும் தனித்தனி அமைப்புகளின் கையில், தனித்தனி விதிகளின்படி நடப்பவை. இந்தக் கடிதம் வந்ததாலேயே அவை தாமாக நின்றுவிடாது. மறுபக்கம், உங்களுக்கு வரவேண்டியதையும் பாருங்கள். 30 வயதைக் கடந்து, மாதம் 500 முதல் 3,000 வெள்ளிவரை சம்பளம் பெறும் ஊழியர் என்ற முறையில், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், குறைந்த சம்பள ஊழியர்களின் வருமானத்துக்கு அரசாங்கம் கூடுதல் தொகை சேர்க்கும் வேலைநலன் துணை வருமானத் திட்டம் உங்களுக்கு உண்டு. விண்ணப்பிக்கத் தேவையில்லை, முதலாளி சேமநிதிப் பங்களிப்பை ஒழுங்காகச் செலுத்தினால் தானாகவே கணக்கிடப்பட்டு, 40 விழுக்காடு ரொக்கமாகவும் 60 விழுக்காடு சேமநிதிக் கணக்கிலும் சேரும். வேலை செய்த மாதத்துக்கும் பணம் வரும் மாதத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளி இருக்கும். இன்னும் வரவில்லையென்றால் மத்திய சேமநிதிக் கழகத்திடம் கேளுங்கள். முதலாளி உங்கள் சம்பளத்தைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பின்னாளில் பதிவைத் திருத்தினால், அதை வைத்துக் கணக்கிட்ட தொகையும் மாறி, இதே போன்ற இன்னொரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும்.

கடைசியாக, கூடப்போகும் வேலைநேரம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இம்முறை எழுத்தில் சொல்லுங்கள். புதிய நேர அட்டவணையும் சம்பளமும் உறுதியான அதே வாரத்தில், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிநேரம், எவ்வளவு சம்பளம் என்ற மூன்றையும் குறிப்பிட்டு, உங்களுக்கு உதவி வழங்கும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓர் அலுவலகத்துக்குச் சொன்னது மற்றோர் அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நினைக்க வேண்டாம். இப்போது நடக்கும் மறுஆய்வுக்கு இது இடையூறாகாது, உங்கள் நேர்மைக்குச் சான்றாகவே அமையும். அதற்குப் பிறகும் பழைய தொகையே கணக்கில் வந்தால், மீண்டும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கூடுதலாக வந்ததாக நீங்கள் கருதும் பகுதியைச் செலவழிக்காமல் கணக்கிலேயே விட்டுவையுங்கள்.